தலைவர் உட்கார்ந்த நாற்காலி

அலங்காநல்லூர் முத்துத்தாய்க்கு யாரையும் எடுத்தெறிந்து பேசும் பழக்கம் கிடையாது. பூக் கட்டி விற்கிறவளுக்கு அது கட்டுப்படியாகாது. ஆனால் அந்தச் சங்கத்துக்காரர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்றைக்கும் அவள் உதடு ஒரு பக்கமாகக் கோணும். கோணட்டும், நியாயந்தான்.

மகள் தமிழ்வாணிக்கு எட்டு வயது. பிறவியிலேயே கால்கள் இறுகிப்போன பிள்ளை. நாலு கால் வாக்கரைப் பிடித்துத்தான் பள்ளிக்கூடம் போவாள். பிள்ளை வளர்ந்துவிட, வாக்கர் குட்டையாகிப் போய், கூன் போட்டு நடந்தாள். "தினம் நிமிந்து நடக்கணும், இல்லாட்டி முட்டி மடங்குனபடியே நின்னுரும்" என்று டாக்டர் சொன்னதிலிருந்து முத்துத்தாய்க்குச் சோறு இறங்கவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் மதுரையிலிருந்து ஒரு சங்கம் வந்து முகாம் போட்டது. டேப் வைத்து அளந்தார்கள். 'வாக்கர், கைப்பிடி உயரம் இருபத்தைந்து அங்குலம்' என்று சீட்டும் கொடுத்தார்கள்.

ஆறு மாதம் கழித்து மேடை, பந்தல், சங்கத் தலைவர் கிருஷ்ணபிரசாத்தின் படத்தோடு ஆளுயர பிளக்ஸ். வந்தது வாக்கர் இல்லை, சக்கர நாற்காலி. அதுவும் பெரியவர்கள் அளவு. முதுகில் தலைவர் பெயர் கொட்டை எழுத்தில். அளந்த டேப் எந்தக் குப்பையில் கிடக்கிறதோ!

"சார், நாங்க கேட்டது வாக்கருங்க."

"அதவிட இது எம்புட்டு ஒசத்தி தெரியுமாம்மா? அந்தப் பழைய வாக்கரத் தூக்கி மறைச்சு வைங்க. போட்டோவுல விழுந்துரப் போகுது" என்றார் சங்கத்துக்காரர் ஒருத்தர்.

தமிழ்வாணியைத் தூக்கி உட்கார வைத்தார்கள். அவள் பாதம் கால் பலகைக்கு ஒரு சாண் மேலே தொங்கியது. புது வண்டி என்றால் பூசை போடாமல் விடுவார்களா? கைப்பிடியில் சந்தனம், குங்குமம், மாலை. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். பைக்குக்குச் செய்கிறதையெல்லாம் செய்தார்கள். உள்ளே ஒரு பிள்ளை இருப்பது மட்டும் ஒருத்தர் நினைப்பிலும் இல்லை. முன்சக்கரம் உள்ளங்கை அகலந்தான், பழத்தில் முட்டி நின்றுவிட்டது. தலைவர் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஓர் உந்து உந்தினார். பிள்ளையைப் பிடித்து நிறுத்த இடுப்புப் பட்டை கிடையாது. முன்னால் சரிந்து, முட்டி தேய மேடையில் விழுந்தாள்.

முத்துத்தாய் ஓடிப்போய் மகளை அள்ளினாள்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றார் தலைவர். "திரும்ப உக்கார வைங்க. போட்டோ சரியா விழல."

"நீங்க உக்காருங்க சார்."

"நானா?"

"அளவு பாப்போம். சும்மா உக்காருங்க."

கூட்டம் கைதட்டத் தொடங்கிவிட்டது. மனிதர் வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார். கால் பலகையில் பாதம் கச்சிதமாகப் பதிந்தது. பழக்கதோஷத்தில் அவர் சிரிக்க, பழக்கதோஷத்தில் போட்டோக்காரரும் எடுத்துவிட்டார்.

"ஒங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு சார். நீங்களே வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு, மறைத்து வைத்த வாக்கரை எடுத்துக்கொண்டு மகளோடு இறங்கினாள்.

நேரே சைக்கிள் கடை சோணையிடம் போய்ச் சீட்டை நீட்டினாள். அவன் படித்துப் பார்த்து, நாலு காலிலும் பைப் சொருகி, போல்ட்டு முடுக்கி, ரப்பர் மாட்டினான். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. தமிழ்வாணி பிடித்து நின்றாள். முதுகு நிமிர்ந்தது.

நாலு எட்டு வைத்தவள் என்னவோ நினைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா, நாம பாட்டுக்கு வந்துட்டமே. பாவம், அந்த சார யாரு எறக்கி விடுவாக?"