அறுபது கெஜத்தில் ஒரு குழாய்

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, அரசாங்கக் குவாட்டர்ஸில் குடியிருந்த தியாகராசா, சட்டசபையில் கேட்கப்படும் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறவர். நகரத்தின் தண்ணீர், குப்பை, சாக்கடை இவற்றைக் கவனிக்கும் ஓர் இலாகாவில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தார். சபை அங்கத்தினர் யாராவது அந்த இலாகாவைப் பற்றி எழுத்து மூலம் கேள்வி அனுப்பினால் அது முதலில் இலாகாவின் வெள்ளைக்காரத் துரைக்கு வரும். துரையிடமிருந்து தலைமைக் கிராணிக்கும், அவரிடமிருந்து தியாகராசாவின் மேசைக்கும் இறங்கும். பதில் அதே படிகளில் மேலே ஏறும். கடைசியில் துரையே சபையில் எழுந்து நின்று அதை வாசிப்பார். வாசிக்கும்போது அது தாமே யோசித்த பதில் என்று அவருக்குத் தோன்றிவிடும். அப்படித் தோன்றும்படி எழுதுவதும் தியாகராசாவின் வேலைதான்.

பதில் உண்மையாக இருக்க வேண்டும், சுருக்கமாக இருக்க வேண்டும், கேட்டவருக்கு மேற்கொண்டு கேட்கத் தோன்றக் கூடாது என்பது அவர் வழக்கம். முதல் இரண்டும் இலாகாவில் பலருக்குக் கைவந்திருந்தன. மூன்றாவது அவருக்கு மட்டுமே வந்தது.

வீட்டிலும் அப்படித்தான் பேசுவார். கத்தரிக்காய் வாங்கினீர்களா என்று குணேஸ்வரி மாமி கேட்டால், "அந்த விஷயம் கவனத்திலை இருக்கு" என்பார். வாங்கவில்லை என்று மாமி புரிந்துகொண்டு, தானே பாசாருக்குப் போய்விடுவார். இந்தக் கதையில் வீட்டுக்குள் நடந்ததெல்லாம் மாமி எனக்குச் சொன்னதுதான். மாமி எதையும் கூட்டிச் சொல்ல மாட்டார்.

ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் குப்பை வண்டித் தொழிலாளர்களின் வரிசை வீடுகள் கொண்ட லயம் இருந்தது. அதில் தண்ணீர் இல்லை. லயத்துப் பெண்கள் குடத்தோடு தண்டவாளத்தைக் கடந்து, மர ஆலை வாசலிலிருந்த குழாய்க்கு வந்து போனார்கள். காலை நேரத்தில் சரக்கு வண்டிகளைப் பெட்டி மாற்றுவது அங்கேதான். பெண்கள் பெட்டிகளுக்கு அடியில் குனிந்து நுழைந்து வருவார்கள்.

பக்கத்து ஊரான கிள்ளானில் அரிசி மண்டி வைத்திருந்த வேலாயுதம் சபையில் நியமன அங்கத்தினர். இந்த லயத்துத் தண்ணீரைப் பற்றி அவர்தான் முதலில் கேள்வி அனுப்பினார். நீளமான கேள்வி. தாயினும் சாலப் பரிந்து காக்கும் அரசாங்கம் இந்த ஏழை மக்கள்மீது கருணைக் கண் திறக்குமா என்று முடிந்திருந்தது. தியாகராசா அதை ஒருமுறை படித்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே பதிலை எழுதி முடித்தார்:

'குறிப்பிட்ட லயத்திலிருந்து அறுபது கெஜத்துக்குள் குழாய் உண்டு.'

அறுபது கெஜம் என்பதை ஆள் அனுப்பி அளந்துதான் எழுதினார். சபையில் அது வாசிக்கப்பட்டபோது அங்கத்தினர்கள் சிரித்தார்கள். வேலாயுதம் உட்கார்ந்துவிட்டார். துரை அந்தப் பதிலின் ஓரத்தில் 'நன்று' என்று எழுதி அனுப்பினார். துரை அப்படி எழுதுகிறவர் இல்லை. தியாகராசா அன்று வீட்டுக்கு அல்வா வாங்கி வந்தார்.

பத்திரிகையில் அந்தச் செய்தி வந்த காலையில் இராஜம்மா பிந்தித்தான் வந்தாள். அவள் மாமி வீட்டில் பாத்திரம் தேய்த்து, துணி துவைக்கிறவள். அந்த லயத்திலேயே குடியிருந்தாள்.

"ஏன் பிந்தி வந்தனீ?" என்றார் மாமி.

"தண்ணிக்குப் போனேம்மா. கூட்ஸ் வண்டி நகரவே இல்ல."

"அறுபது கெஜத்திலை பைப் இருக்குதெண்டு பேப்பரிலை கிடக்கு. நீ ஏன் தண்டவாளத்தைக் கடந்து போறாய்?"

இராஜம்மா துடைப்பத்தைக் கீழே வைத்தாள். "எந்தப் பைப்பும்மா? மாட்டுக் கொட்டாய்ல இருக்கே, அதா? அது குப்பை வண்டி மாட்டுக்கும்மா. நாங்க போனா காவலுக்கு நிக்கிற ஜாகா கம்பை எடுத்துக்கிட்டு வருவாரு. 'மாடு கவர்மெண்டு மாடு, நீ யாரு'ன்னு கேப்பாரு."

மாமி திரும்பிப் பார்த்தார். தியாகராசா பத்திரிகையின் வேறு பக்கத்துக்குப் போயிருந்தார்.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கு அது மாட்டுப் பைப் எண்டு தெரியுமோ?"

"கேள்வியிலை அப்பிடிக் கேக்கேல்லை" என்றார் அவர்.

அந்த மாசியில் இராஜம்மாவின் ஓர்ப்படி பெட்டிக்கு அடியில் நுழைந்தபோது வண்டி அசைந்தது. அவள் எப்படியோ உருண்டு தப்பினாள். குடம் நசுங்கியது, வலது முழங்கை முறிந்தது. குடம் மட்டும் போயிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அதற்குப் பிறகும் பெண்கள் அதே வழியாகத்தான் வந்தார்கள். வேறு வழி இல்லை. இராஜம்மா வருவதற்குப் பிந்துகிற நாட்களில் மாமி வாசலில் நின்று தண்டவாளப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். உள்ளே போகச் சொன்னாலும் போக மாட்டார்.

அதற்கு அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலாயுதம் கிள்ளானிலிருந்து ரயிலேறித் தியாகராசா வீட்டுக்கே வந்தார். பிரிக்பீல்ட்ஸில் மளிகைக் கடை வைத்திருந்த பக்கிரிசாமி கூட்டி வந்தார். சபையில் மற்றவர்கள் சிரித்தது வேலாயுதத்துக்கு ஆறவில்லை. நல்ல ஆங்கிலத்தில் கேள்வி எழுத ஒரு ஆள் வேண்டுமென்று பக்கிரிசாமியிடம் கேட்டிருக்கிறார். தியாகராசா எந்த இலாகாவில் இருக்கிறார் என்று பக்கிரிசாமிக்குத் தெரியும். அங்கே என்ன வேலை செய்கிறார் என்று தெரியாது.

"நம்ம கிராணியார் இங்கிலீசு எழுதினா துரைக்கே வெளங்காதுங்க. அவ்வளவு உசத்தி" என்று அறிமுகம் செய்தார்.

தியாகராசா விருந்தாளிகளுக்கு நாற்காலி போட்டார். "நான் அரசாங்க உத்தியோகத்தன். சபைக் கேள்விக்குக் கை குடுக்கக் கூடாது. தெரிஞ்சால் வேலை போயிடும்" என்றார்.

"தெரியாதுங்க. நான் ஏன் சொல்றேன்?" என்றார் வேலாயுதம். "அந்த லயத்துத் தண்ணி விசயந்தான். போன தடவை கேட்டேன். அறுபது கெசத்துல பைப்பு இருக்குன்னு ஒரே வரியில சொல்லி உக்கார வச்சுட்டானுங்க. எவனோ பெரிய மூளைக்காரன் எழுதிக் குடுத்திருக்கான். அவன் மட்டும் என் கையில கெடைச்சா..."

உள்ளேயிருந்து வந்த மாமியின் கையில் காப்பித் தம்ளர்கள் இருந்தன. அவற்றை மேசையில் சற்று அழுத்தியே வைத்தார்.

"எழுதிக் குடுங்கோ" என்றார் கணவரிடம். "காலமை காலமை நான் வாசலிலை நிண்டு அந்தப் பிள்ளை உயிரோடை வருதோ எண்டு பாக்கேலாது."

தியாகராசா, "பழைய கேள்வியைக் கொண்டுவந்தனீங்களோ?" என்று கேட்டார். வேலாயுதம் கொடுத்தார். தியாகராசா அதை முதல் தடவை பார்ப்பதுபோல் பார்த்தார். "இதிலை எல்லாக் கதவும் திறந்து கிடக்கு" என்றார். "கருணை எண்டு எழுதினால் கருணையைப் பற்றிப் பதில் சொல்லுவினம். தண்ணியைப் பற்றிச் சொல்ல மாட்டினம்."

புதிய கேள்வியை அவர் அங்கேயே எழுதினார். தமிழில் சொன்னால் அது இப்படி இருந்தது:

'மாட்டுக் கொட்டகைக்குள் உள்ள குழாயைப் பற்றி: (அ) அதில் தண்ணீர் எடுக்க அனுமதி பெற்ற லயத்து மனிதர் எத்தனை பேர்? (ஆ) ஒருவரும் இல்லையென்றால், அது யாருக்கு? (இ) அவற்றுக்குத் தண்ணீர் கொடுத்த இலாகா, லயத்துக்கு ஏன் கொடுக்கவில்லை?'

வேலாயுதம் தம் கையெழுத்தில் அதைப் பிரதி செய்துகொண்டார். "இவ்வளவுதானா?" என்றார், ஏமாந்தவர்போல.

"இவ்வளவுதான்."

கேள்வி போக வேண்டிய இடத்துக்குப் போய், வர வேண்டிய வழியில் தியாகராசாவின் மேசைக்கே வந்து சேர்ந்தது.

அவர் வழக்கம்போல் மத்தியானத்துக்குள் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தார். முடியவில்லை. ஒரு பதில் எழுதினால் (ஆ) வந்து வழியை அடைத்தது. அதைத் தாண்டினால் (இ) நின்றது. கேள்வியை எழுதியபோது, இந்தப் பதில் சொல்வார்கள், அந்தப் பதில் சொல்வார்கள் என்று ஒவ்வொன்றாக நினைத்து நினைத்து அவரே பூட்டியிருந்தார். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது, "நல்ல கேள்வி" என்று மட்டும் சொன்னார். மாமிக்கு அவர் யாரைப் பாராட்டுகிறார் என்று தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்துத் துரை அவரைக் கூப்பிட்டார்.

"பதில் என்ன, தியாகராசா?"

"மாடுகள், ஐயா."

"மாடுகள் மட்டுமா?"

"மாடுகள் மட்டும்தான், ஐயா."

"வேறு விதமாகச் சொல்ல முடியாதா? போன தடவை அழகாகச் சொன்னாயே."

"இந்தத் தடவை கேள்வியை எழுதியவர் கெட்டிக்காரர், ஐயா."

மாட்டுக்குத் தண்ணீர் கொடுத்து மனிதருக்குக் கொடுக்கவில்லை என்று சபையில் நின்று வாசிக்கத் துரைக்கு விருப்பமில்லை. சபை எந்தத் தேதி என்று கேட்டார். தியாகராசா சொன்னார். துரை மணியடித்து, குழாய் வேலை செய்யும் கன்னையாவைக் கூட்டிவரச் சொன்னார்.

இந்த ஒரு கதவைத் தியாகராசா பூட்டவில்லை. பதிலை மாற்ற முடியாவிட்டால் நடப்பை மாற்றிவிடலாம் என்பது, இத்தனை வருஷமாகப் பதில் மட்டுமே எழுதிவந்த அவருக்குத் தோன்றியிருக்கவில்லை.

சனிக்கிழமை கன்னையாவும் ஆட்களும் லயத்து முற்றத்தில் குழாய் போட்டார்கள். சிமெண்டு மேடை ஈரம் காய்வதற்குள் பெண்கள் குடத்தை வைத்துவிட்டார்கள். அதனால் மேடையில் வட்ட வட்டமாகத் தடம் விழுந்தது. இன்றும் இருக்கிறது.

தியாகராசா இப்போது சுலபமாகப் பதில் எழுதினார்:

'கனம் அங்கத்தினருக்குக் கிடைத்த தகவல் பிழையானது. லயத்தில் வசிப்போருக்குத் தனிக் குழாய் உண்டு. ஆகவே (ஆ), (இ) எழவில்லை.'

எழுதி முடித்ததும் அவருக்கு வேலாயுதத்தின் ஞாபகம் வந்தது. கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளச் சொல்லி முன்கூட்டியே தெரிவிக்கலாம். மனிதர் இரண்டாம் முறை சிரிப்புக்கு ஆளாகாமல் தப்புவார். ஆனால் கேள்வி இல்லையென்றால் பதிலும் வேண்டாம். பதில் வேண்டாமென்றால் குழாய் எதற்கு என்று யாராவது கேட்பார்கள், கன்னையா அதைக் கழற்றி ஸ்டோரில் கொண்டுபோய் வைப்பார். இலாகாவைப் பற்றித் தியாகராசாவுக்கு நன்றாகத் தெரியும். அவர் கிள்ளானுக்குத் தகவல் அனுப்பவில்லை.

சபையில் இந்தத் தடவை போன தடவையைவிட அதிகமாகச் சிரித்தார்கள்.

அடுத்த ஞாயிறு வேலாயுதம் தனியாக வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலிலேயே நின்றார்.

"கிராணியாரே, கதவெல்லாம் தெறந்து கெடக்குன்னு சொன்னீங்களே. நல்லாப் பூட்டுனீங்க, என்னை உள்ள வச்சு. பைப்பு இருக்காமே?"

"இருக்கு."

"இருக்கா? அப்ப எதுக்கு இல்லேன்னு கேக்க வச்சீங்க?"

"நீங்கள் கேக்கேக்க இல்லை. கேட்ட பிறகு போட்டது."

"அதைச் சொல்லலாமுல்ல அந்தப் பதில்ல? எனக்குத் தகவல் பிழையாம். எந்தப் பாவி எழுதினான் அதை?"

மாமி கதவருகில் வந்தார். "இவர்தான் எழுதினவர்" என்றார். "போன முறையும் இவர்தான். உள்ளை வாருங்கோ, காப்பி ஆறுது."

வேலாயுதம் தியாகராசாவைப் பார்த்தார். தியாகராசா குடையை எடுத்துக்கொண்டார். "முதல்லை ஒரு இடத்துக்குப் போயிட்டு வருவம்" என்றார்.

இருவரும் வெயிலில் தண்டவாளத்தைக் கடந்து லயத்துக்கு நடந்தார்கள். குழாயடியில் ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். வேலாயுதம் நேரே முன்னால் போய்க் கையை நீட்டினார்.

"ஐயா, பின்னால வாங்க. எல்லாரும் வரிசையிலதானே நிக்கிறோம்?" என்றாள் இராஜம்மா.

"இவர் சபை அங்கத்தினர்" என்றார் தியாகராசா.

"இருக்கட்டும் சாமி. மாட்டைத்தான் முன்னால வுட்டாங்க இத்தனை நாளு."

பெண்கள் சிரித்தார்கள். இராஜம்மாவின் ஓர்ப்படியும் அங்கே இருந்தாள். முறிந்த கை நேராகவில்லை, இடக்கையால் குடத்தைத் தூக்கிக்கொண்டிருந்தாள். வேலாயுதம் அவளைப் பார்த்துவிட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார். முறை வந்ததும் இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார். வேட்டியில் வாயைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பி வரும் வழியில் ஸ்டேஷன் தெரிகிற இடத்தில் வேலாயுதம் நின்றார்.

"கிள்ளான்ல ஆஸ்பத்திரிக்குப் போற சடக்குல ஒரு வெளக்கு இல்லைங்க. அது உங்க இலாகாவா?"

"இல்லை. ஆனால் அங்கை பதில் எழுதுறவர் எனக்குத் தெரிஞ்சவர். அவருக்குப் பூட்டுத் திறக்கத் தெரியாது."

"திரும்பச் சிரிப்பானுங்களே?"

"சிரிப்பினம்" என்றார் தியாகராசா.

வேலாயுதம் காப்பி குடிக்க வீட்டுக்கு வந்தார்.

அதன்பின் சபை கூடும் ஒவ்வொரு தடவையும் வேலாயுதத்திடமிருந்து சிறிய கேள்விகள் வந்தன. ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலையில் விளக்கு இல்லை என்று கேட்டார். விளக்கு உண்டு என்று பதில் வந்தது. சந்தைக்கடையில் கூரை ஒழுகுகிறது என்றார், ஒழுகவில்லை என்றார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் தகவல் பிழையானதாகவே இருந்தது. அவர் எழுந்ததும் மற்றவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கத் தயாரானார்கள். அவரும் சபை முடிந்து கிள்ளானுக்குத் திரும்பும் வழியில், விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மண்டிக்குப் போவார்.

துரைக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது. கிள்ளானில் எவனோ ஒருவன் இந்த அரிசிக்காரருக்கு எழுதிக் கொடுக்கிறான், அவன் யார் என்று கண்டுபிடித்துச் சொல் என்று தியாகராசாவுக்கு உத்தரவிட்டார். விஷயம் விசாரணையில் இருக்கிறது என்று தியாகராசா பதில் எழுதினார். தியாகராசா பென்ஷன் வாங்கிக்கொண்டு போகும் வரைக்கும் அது விசாரணையில்தான் இருந்தது.

வேலாயுதத்தின் பதவிக்காலம் முடிந்தபோது ஓர் ஆங்கிலப் பத்திரிகை அவரைப் பற்றி நாலு வரி எழுதியது. சபையில் மிக அதிகமாகக் கேள்வி கேட்டவர், ஆனால் அவருக்குக் கிடைத்த தகவல்களில் ஒன்றுகூடச் சரியாக இருந்ததில்லை என்று. தியாகராசா அதை என்னை வாசித்துக் காட்டச் சொல்லி, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

"நல்லா எழுதியிருக்கினம்" என்றார். "மேலை கேக்க ஒண்டுமில்லை."

சமையலறையில் இராஜம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அன்றும் அவள் நேரத்தோடு வந்திருந்தாள்.