சாந்தம்மா ஊற்றிய தண்ணீர்

ஒரு கட்டு ரோஜாவை மார்போடு அணைத்துக்கொண்டு சாந்தம்மா ஓடுகிறார். ஐம்பத்திரண்டு வயது, மூட்டுவலி வேறு. ஆனாலும் வெட்டின பூவைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நடந்து நான் பார்த்ததில்லை. கெலவரப்பள்ளி அணைக்கு அந்தப் பக்கம் பாலிதீன் கூரை போட்ட பூப்பண்ணையில் பதினெட்டு வருஷமாக வேலை. காம்பு அறுபட்ட பூ தண்ணீர் வாளிக்குள் போய்ச் சேரும்வரை யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. ஒருமுறை சூப்பர்வைசர் செல்போனில் பேசியபடி வழியை மறித்து நின்றாராம். "நகருங்க சார், பூவுக்குத் தொண்ட காயுது" என்று அவரை இடித்துத் தள்ளிவிட்டே போயிருக்கிறார் இந்த அம்மாள். புகார் போனது. சாந்தம்மா தரம் பிரித்த பூ ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்பதால் மேலே யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எனக்கு எதிர்வீடு. சண்டை தெலுங்கில், பேரம் கன்னடத்தில், மற்றதெல்லாம் தமிழில். சும்மா இருந்தால் அவருக்குக் கை ஊறும். நம் வீட்டு வாசலையும் சேர்த்துப் பெருக்கிவிட்டு, "இந்த லட்சணத்துல வெச்சிருக்கீங்க" என்று திட்டிவிட்டும் போவார்.

கணவர் முனிவேல் சிப்காட்டில் பிரஸ் ஆபரேட்டர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நண்பர்களோடு பெங்களூர் போய்ப் பௌத்தம் தழுவி வந்தவர். அவருடைய அப்பா சிங்காரப்பேட்டைப் பக்கம் ஊரார் சாவுக்கெல்லாம் மேளம் அடித்து, வாசலுக்கு வெளியே நின்று கூலி நெல் வாங்கியவர். "என் சாவுக்கு மேளம் வேண்டாம். யாரையும் அடிக்க வெக்காதீங்க" என்று முனிவேல் முன்கூட்டியே சொல்லியிருந்தார். சாந்தம்மா மாறவில்லை. "உங்க பெரியவரு கண்ணையே தொறக்க மாட்டேங்கறாரு, நமக்கு என்னத்தப் பாப்பாரு" என்று புத்தர் சிலையைத் துடைத்துக்கொண்டே கிண்டல் செய்வார். பக்கத்தில் அவருடைய மாரியம்மன் படமும் இருந்தது. முனிவேல் அதைத் தொட்டதில்லை.

போன மாசியில் முனிவேலுக்குக் குடலில் ஓட்டை விழுந்தது. ஆபரேஷன் முடியும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்றார் டாக்டர். சரியாகத்தான் சொன்னார். முனிவேல் மூன்று முறை கேட்டிருக்கிறார். சாந்தம்மா பாட்டிலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, வந்து குடிச்சுக்கலாம், சும்மா இரு என்று அதட்டியிருக்கிறார். உள்ளே போனவர் உயிரோடு வரவில்லை.

உடல் வீட்டுக்கு வந்தபிறகும் அந்த அம்மாள் அழவில்லை. சுவரோரம் உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் ஒன்றையே சொன்னார்.

"தண்ணி கேட்டாருங்க. நான் குடுக்கல."

மகள் காவியா டம்ளரை வாயருகே கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொண்டார். முனிவேலின் அக்காள் வெள்ளையம்மா, வாயில் பால்கூட ஊற்றாமலா புதைப்பார்கள் என்று சண்டைக்கு நின்றார். முனிவேலின் நண்பர்கள், அவர் வழியில் அது இல்லை என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். இதைக் கேட்ட சாந்தம்மாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. மனுஷனைக் கடைசிவரை காய்ந்த தொண்டையோடு அனுப்புகிறோம் என்றே அவர் நினைத்திருப்பார்.

பெங்களூரிலிருந்து ஒரு பிக்கு வந்தார். பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. எல்லோரும் வெள்ளை உடை. மேளம் இல்லாததால் எங்கள் தெருச் சாவு வீட்டில் முதல்முறையாக ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டது. புத்தம் சரணம் கச்சாமி என்று மூன்று சரணமும் சொல்லி முடித்ததும் பிக்கு ஒரு செம்பில் தண்ணீரும் ஒரு கிண்ணமும் கேட்டார். கிண்ணத்தை முனிவேலின் தலைமாட்டில் ஒரு தட்டின்மேல் வைத்து, செம்பைச் சாந்தம்மாவிடம் நீட்டினார். இறந்தவரை நினைத்து வீட்டார் ஊற்ற வேண்டும், நாம் செய்த நல்லதெல்லாம் அவரைப் போய்ச் சேரும் என்று நண்பர் ஒருவர் விளக்கினார். சாந்தம்மாவுக்கு அது எதுவும் ஏறவில்லை.

"தண்ணியா? அவருக்கா?" என்றார்.

பிக்கு தலையசைத்தார்.

சாந்தம்மா செம்பை வாங்கினார். காவியா முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பிக்கு ஓத ஓதக் கிண்ணம் நிறைந்தது. விளிம்புக்கு வந்ததும் சாந்தம்மா நிறுத்திவிட்டார். பிக்கு ஓதுவதை விட்டு, "ஹாக்கம்மா, இன்னூ ஹாக்கு" என்றார் கன்னடத்தில். சாந்தம்மா மறுபடி ஊற்றினார். கிண்ணம் வழிந்தது, தட்டு வழிந்தது, தண்ணீர் தரையில் ஓடி எங்கள் கால்களைத் தொட்டது. யாரும் காலை நகர்த்தவில்லை. சண்டை போட்ட வெள்ளையம்மாவும் கைகூப்பி நின்றார்.

சாமி, அருள் என்றால் எனக்கு ஆகாது. அப்படிப்பட்ட இடத்தில் வாசலோடு திரும்புகிற ஆள் நான். அன்று எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. அந்தச் சின்ன அறையில் எங்களைவிடப் பெரிதாக ஏதோ ஒன்று இருந்தது. எனக்கு அப்படித்தான் சொல்லத் தெரிகிறது.

அன்று தண்ணீர் ஊற்றும்போது என்ன நினைத்தீர்கள் என்று ஒரு மாதம் கழித்து நானாகக் கேட்டேன்.

"குடிச்சாருங்க" என்றார் சாந்தம்மா. "மடக்கு மடக்குனு தொண்டையில எறங்கற சத்தம் கேட்டுச்சு. நீங்க நம்பாட்டிப் போங்க. வவுறு நெறையக் குடிச்சாரு."

அன்று பிக்கு ஓதி முடித்தபோது செம்பின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. சாந்தம்மா முனிவேலின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை அண்ணாந்து, அந்தத் தண்ணீரைத் தன் வாயில் ஊற்றிக்கொண்டார்.