அப்பாவை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்த வாரம்

செல்வமாரி பொய்யே சொல்லாதவள் என்று யாரும் சொல்ல முடியாது. பால்காரர் வந்து நின்றால் அம்மா வீட்டில் இல்லை என்று பிள்ளையை விட்டுச் சொல்லியிருக்கிறாள். நாத்தனார் கொடுத்தனுப்பிய ஊறுகாய் புளித்துப் போயிருந்தாலும் ருசியாக இருந்தது என்றிருக்கிறாள். அதெல்லாம் சொன்ன மறுநிமிஷமே மறந்து போகிற பொய். மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் சொன்னது அப்படிப்பட்டது இல்லை.

கோவில்பட்டியில் ராமசுப்பு அண்ணாச்சியின் கடலைமிட்டாய் கம்பெனியில் அவளுக்குப் பாக்கெட் போடுகிற வேலை. வெல்லப்பாகில் கடலையைப் புரட்டி, பலகையில் கொட்டி, உருளையால் தேய்த்து வெட்டித் தருவது ஆண்கள். அதை எண்ணி உறையில் போட்டு ஒட்டுவது பெண்கள். காலையில் வீட்டு வேலையை முடித்துவிட்டு ஓடினால், பொழுது சாய்கிறபோது கையெல்லாம் வெல்லப் பிசுக்கோடு திரும்பி வருவாள். புருசன் காசிராஜன் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். இரண்டு பேர் சம்பாத்தியத்தில் இரண்டு பிள்ளைகள் படிப்பும் வீட்டு வாடகையும் ஆட்டோவின் மாதத் தவணையும் இழுத்துப் பறித்து ஓடிக்கொண்டிருந்தன.

அந்த வாரம் ஆட்டோ நின்றுவிட்டது. எட்டயபுரம் ரோட்டில் சிமெண்டு மூட்டை ஏற்றிப் போகிறபோது இன்ஜின் புகை கக்கியது. ஒர்க்‌ஷாப்பில் பிரித்துப் போட்டுவிட்டு, சாமான் மதுரையிலிருந்து வரவேண்டும் என்றார்கள். அன்றைக்குச் சாயங்காலமே மணியாச்சியிலிருந்து போன். காசிராஜனின் தங்கச்சி இசக்கிச்செல்வி பேசினாள். மூத்த மகள் பெரியமனுஷி ஆகிவிட்டாள், வெள்ளிக்கிழமை சடங்கு வைத்திருக்கிறோம் என்று.

"அண்ணே, நீ வந்து நின்னாப் போதும். சீரு கீருன்னு ஒண்ணும் அலைய வேண்டாம், என்ன?" என்றாள்.

போனை வைத்துவிட்டுக் காசிராஜன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"வேண்டாம்னுதான் சொல்லுவா. வெறுங்கையோட போய் நிக்க முடியுமா? தாய்மாமன் நான் ஒருத்தன்தான் இருக்கேன். அவ மாமியா வீட்டு ஆளுக முன்னால அவ தலைகுனிஞ்சு நிக்கணுமா?"

செல்வமாரிக்கு அதில் மறுபேச்சு இல்லை. அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது இசக்கிச்செல்விதான் தன் குடும்பத்தைப் போட்டுவிட்டு வந்து ஒரு மாதம் இருந்தாள். குளிக்க வைத்து, தலை துவட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பி, ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை. அவளுக்குச் செய்யாமல் யாருக்குச் செய்வது? ஆனால் செல்வமாரி கழுத்தில் கிடந்தது மஞ்சள் கயிறுதான். அடகு வைக்கிறதெல்லாம் வைத்தாகிவிட்டது.

"கம்பெனியில கேட்டுப் பாக்கேன்" என்றாள்.

கேட்பது லேசு இல்லை என்று அவளுக்குத் தெரியும். போன மாதம்தான் அவளோடு வேலை பார்க்கிற பொன்மணி, பிள்ளைக்குக் காதுகுத்து என்று முன்பணம் கேட்டாள். அண்ணாச்சி எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்: "விசேசத்துக்கெல்லாம் அட்வான்ஸ் கிடையாது தாயி. ஆளாளுக்கு விசேசம் வச்சா நான் எங்கன போவேன்? சீக்கு, ஆஸ்பத்திரின்னா நடுராத்திரி வேணும்னாலும் வந்து கேளுங்க. தாரேன்." சொன்னபடி தருகிறவர்தான். பாகு தெறித்துக் கை வெந்துபோன ஒருத்தனுக்கு முழுச் செலவும் அவர்தான் பார்த்தார். போதாக்குறைக்கு அந்த வாரம் சென்னைக்குப் பெரிய ஆர்டர் ஒன்று போகவேண்டியிருந்தது. ஒருத்தருக்கும் லீவு கிடையாது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவர் அறை வாசலில் போய் நின்றாள். சடங்கு என்று சொல்லத்தான் போனாள். மனசுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேதான் போனாள். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து, "என்னம்மா?" என்றபோது வாய் வேறு ஒன்றைச் சொன்னது.

"அப்பாவுக்கு நெஞ்சு வலின்னு திருநெல்வேலி பெரியாஸ்பத்திரியில சேத்திருக்காவ அண்ணாச்சி."

சொன்னதும் கண்ணில் தண்ணீர் முட்டியது. அந்தக் கண்ணீரைப் பார்த்து அண்ணாச்சி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"எப்பம்? யாரு கூட இருக்கா? வண்டி அனுப்பட்டுமா?"

"வேண்டாம் அண்ணாச்சி. எங்க வீட்டுக்காரவுக வந்திருக்காவ, பஸ்ஸுல போயிருவோம்."

பெட்டியைத் திறந்து பத்தாயிரம் ரூபாய் எடுத்துக் கையில் கொடுத்தார். "பணத்தப் பத்தி நெனைக்காத. ஆர்டர நாங்க பாத்துக்கிடுதோம். எங்கப்பாவும் நெஞ்சு வலியிலதான் போனாரு. நேரத்துக்குக் கொண்டு போகாம விட்டுட்டோம். போ, நிக்காத" என்றார்.

வெளியே வந்தபோது உள்ளே எல்லோருக்கும் அதற்குள் விஷயம் தெரிந்திருந்தது. பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து பாக்கெட் போடுகிற முத்துமாரியம்மாள் எழுந்து வந்து செல்வமாரியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். முத்துமாரியம்மாளின் புருசன் தீப்பெட்டி செய்கிற ஆபீசில் வேலை பார்த்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து செத்துப்போனவன். "ஒண்ணும் ஆகாது. நான் செண்பகவல்லி அம்மன்கிட்ட சொல்லுதேன்" என்றாள். செல்வமாரியால் அந்தக் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

கோவில்பட்டிக் கடைகளில் தெரிந்த முகம் வந்துவிடும் என்று பட்டுச் சேலை எடுக்கப் புருசனோடு தூத்துக்குடிக்குப் போனாள். காசிராஜன் பணம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டதற்கு, "கேட்டேன், குடுத்தாரு" என்றாள். அவனுக்குச் சந்தோஷம். "நல்ல மனுசன்யா" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். அவன் சொல்லச் சொல்ல அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மணியாச்சியில் சடங்கு நன்றாகவே நடந்தது. பழம், பூ, வளையல், சேலை என்று தாம்பாளங்களை வரிசையாகத் தூக்கிக்கொண்டு தாய்மாமன் சீர் போனபோது இசக்கிச்செல்வி வாசலில் நின்று அழுதாள். "எதுக்கு மைனி இவ்ளோ?" என்று கட்டிப்பிடித்துக்கொண்டாள். பட்டு உடுத்தி வந்த பெண்ணைப் பார்த்துச் சொந்தமெல்லாம் மாமன் வீட்டுச் சேலை என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தது. போட்டோ எடுக்கிறவன் அத்தையைக் கூப்பிடுங்க என்றபோது செல்வமாரி பந்திப் பக்கம் போய்விட்டாள். அந்தப் படம் யாருடைய போனுக்குப் போய் யார் கண்ணில் படுமோ! இலையில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அப்பா ஊரில், பசுவந்தனையில், இந்நேரம் உளுந்து அடித்துத் தூற்றிக்கொண்டிருப்பார் என்ற நினைப்பு வந்தது. ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்தறியாத மனுசன்.

சனிக்கிழமை வேலைக்குப் போனாள். அப்பாவுக்குத் தேவலை, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று சொல்லி முடித்துவிடலாம் என்பது அவள் கணக்கு. உள்ளே நுழைந்ததும் பொன்மணி ஒரு பிளாஸ்டிக் ஜாடியைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். மிட்டாய் போட்டு விற்கிற ஜாடி. உள்ளே பத்தும் இருபதும் ஐம்பதுமாக நோட்டுகள்.

"எல்லாரும் போட்டது. மருந்து மாத்திரைக்கு ஆகும் அக்கா."

"வேண்டாம்ட்டி. அப்பாவுக்குத்தான் நல்லாயிட்டே."

"நல்லானா பழம் வாங்கிக் குடு."

முத்துமாரியம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பொட்டலம் கொடுத்தாள். கோயில் குங்குமம். வெள்ளிக்கிழமை பட்டினி கிடந்து, அப்பாவுக்காக அர்ச்சனை பண்ணியிருக்கிறாள். "ஒங்கப்பா பேரு உக்கிரபாண்டிதான? நட்சத்திரம் தெரியல, சாமி பேருக்கே பண்ணச் சொல்லிட்டேன்" என்றாள்.

செல்வமாரி அதை வாங்கிக்கொண்டாள். அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். பின்னால் எத்தனையோ முறை அவள் அதை நினைத்திருக்கிறாள். ஆனால் வாங்கிக்கொண்டு, "ரொம்ப நன்றிக்கா" என்றாள்.

மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்த நேரம். வாட்ச்மேன் உள்ளே எட்டிப் பார்த்து, "செல்வமாரி, ஒங்கப்பா வந்திருக்காரு" என்றான்.

அவள் எழுந்திருக்கும் முன்னால் மற்றவர்கள் எழுந்துவிட்டார்கள்.

உக்கிரபாண்டி கேட்டுக்கு உள்ளே, வெயிலில் நின்றுகொண்டிருந்தார். தோளில் அரை மூட்டை உளுந்து. பஸ் ஸ்டாண்டிலிருந்து மகள் வீட்டுக்குப் போய், அது பூட்டிக் கிடந்ததால் சுமந்தபடியே இங்கே நடந்து வந்திருக்கிறார். பெண்கள் ஏழெட்டுப் பேர் ஓடி வருவதைப் பார்த்து மூட்டையை இறக்கிவிட்டுச் சிரித்தார்.

"யய்யா, இந்த ஒடம்போட இதத் தூக்கிட்டு வரலாமா?" என்று பதறினாள் முத்துமாரியம்மாள். "ஆஸ்பத்திரியில இருந்து எப்பம் விட்டாவ?"

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. "ஆஸ்பத்திரியா?" என்று கேட்க வாயைத் திறந்தவர், கூட்டத்துக்குப் பின்னால் நின்ற மகளின் முகத்தைப் பார்த்தார். அங்கே என்ன கண்டாரோ, வாயை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

"நேத்துத்தான் விட்டாவ, தாயி" என்றார்.

"இப்பம் வலி இருக்கா?"

"லேசா இருக்கு" என்று வயிற்றைத் தடவிக்கொண்டார்.

எல்லோர் கண்ணும் வயிற்றில் இருந்த அந்தக் கையில் நின்றது. பொன்மணி மூட்டையைப் பார்த்தாள். சின்ன வயசுக்காரி அவளாலேயே அதை நகர்த்தக்கூட முடியாது. முத்துமாரியம்மாள் உக்கிரபாண்டியைப் பார்த்தாள், பிறகு திரும்பிச் செல்வமாரியைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். கூட்டத்தில் பிள்ளையைத் தவறவிட்டவள் தேடுகிற மாதிரி ஒரு பார்வை. அப்புறம், "வெயில்ல நிக்காதீய, நிழலுக்கு வாங்க" என்று அவரை உள்ளே கூட்டிப்போய் ஃபேனுக்கு அடியில் உட்கார வைத்து, தன் தூக்குவாளியிலிருந்து மோர் ஊற்றிக் கொடுத்தாள். அவர் தலை நிமிராமல் குடித்தார். வயிற்றில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

கேட் வரைக்கும் அவரோடு நடந்தபோது செல்வமாரி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எங்கிட்டக் கேட்டிருக்கலாம்லா, தாயி."

"ஒங்ககிட்ட இருக்கா யப்பா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று தெரிந்தது. உக்கிரபாண்டி செருப்பைச் சரிபண்ணுகிற மாதிரிக் குனிந்தார். இந்த வருசம் பூக்கிற நேரத்தில் மழை விடாமல் பெய்து பாதி உளுந்து காட்டிலேயே அழுகிப்போனது. கிடைத்ததில்தான் மகளுக்கு என்று கொண்டுவந்திருக்கிறார்.

"இல்லதான்" என்றார். "ஆனா எம்பேரச் சொல்லி வாங்கிட்டியே. நான் ஒரு ஆளுகிட்ட இப்படி முழிச்சதில்ல, தாயி. அந்தப் பிள்ள மோரு குடுக்குது, தொண்டையில எறங்க மாட்டேங்குது." கையைத் தூக்கி அவள் தலையில் வைக்கப் போனவர், வைக்காமலே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.

அவள் உள்ளே போனாள். ஜாடியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவர் பலகைக்கும் போனாள். "அப்பாவுக்கு ஒண்ணுமில்ல. நாத்தனா மக சடங்குக்குப் பணம் வேணும்னு பொய் சொன்னேன். ஒங்க பணத்த எடுத்துக்கோங்க." முதல் ஆளிடம் சொல்வதற்குள் குரல் உடைந்தது. நாலாவது ஆளிடம் சொல்கிறபோது குரலே இல்லை. சிலர் எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தி, "எங்களுக்கு மட்டும் சடங்கு இல்லையாக்கும்" என்றாள். முத்துமாரியம்மாள் ஜாடிக்குள் கை விட்டுத் தன் ஐம்பது ரூபாயைத் தேடி எடுத்து, நீவி, ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு உறையை ஒட்ட ஆரம்பித்தாள். அவள் செல்வமாரியோடு பேச மாதக்கணக்கானது.

அண்ணாச்சியிடமும் போய்ச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். வையவில்லை. "சம்பளத்துல புடிச்சுக்கிடுதேன், போ" என்றார். நிற்க வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

சாயங்காலம் காசிராஜனுக்குத் தெரிந்தது. அவன் கத்தவில்லை. "நான்தான் ஒன்ன அங்கன தள்ளிவிட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். சீரைக் குறைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இருவரும் கேட்டுக்கொண்டார்கள். ஒன்றும் ஆகியிருக்காது. இசக்கிச்செல்வி அப்போதும் வாசலில் நின்று அழுதுதான் இருப்பாள். ஆட்டோ சரியானதும் காசிராஜன் கம்பெனிப் பெட்டிகளை ரயில்வே ஸ்டேஷனுக்கு வாடகை இல்லாமல் கொண்டுபோய்ப் போட வந்தான். அண்ணாச்சி வாடகையைக் கொடுத்தே அனுப்பினார்.

இதோடு முடிந்திருந்தால் செல்வமாரி காலப்போக்கில் நிமிர்ந்திருப்பாள். பங்குனி பிறந்து ஒரு நாள் பொன்மணி அழுதுகொண்டே வந்தாள். பிள்ளைக்கு டெங்குக் காய்ச்சல், ரத்தம் குறைகிறதாம், தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. அண்ணாச்சி பெட்டியைத் திறக்கப் போனவர், சாவியில் கை வைத்தபடியே நிறுத்தினார்.

"ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கா தாயி?"

இத்தனை வருசத்தில் அவர் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை. கேட்டுவிட்டு அவருக்கே பிடிக்கவில்லை போல, ஜன்னல் பக்கம் பார்த்தார். பொன்மணியிடம் சீட்டு இல்லை. பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு ஓடி வந்தவள் சீட்டை எங்கே எடுப்பாள்? அவள் அழுகையை நிறுத்திவிட்டுத் திருதிருவென்று விழித்தாள்.

பலகைகளில் கைகள் நின்றன. ஒருவரும் செல்வமாரியைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க எல்லோரும் பாடுபட்டார்கள்.

செல்வமாரி எழுந்தாள். "இருங்க அண்ணாச்சி, நான் போய் வாங்கிட்டு வாரேன்" என்றாள். பொன்மணியிடம் ஆஸ்பத்திரி பெயரைக் கேட்டாள். அவள் சொன்னாள், ஆனால் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. வெல்லப் பிசுக்குக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, உச்சி வெயிலில் மெயின் ரோட்டில் செல்வமாரி ஓடினாள்.