பேய்க்கு என் அப்பா முகம்

டைரக்டர் சார், நீங்கள் என் அப்பாவைக் கொலைகாரன் ஆக்கிவிட்டீர்கள்.

போன ஞாயிறு மதியம் டிவிக்கென்றே எடுத்த ஒரு பேய்ப் படம் போட்டார்களே... அப்பா சொத்தாக வந்த வீட்டில் குடியேறும் மகன், மருமகள், கதவைத் தட்டும் மாமனார் பேய் — அந்த வீடு குண்டடம் பக்கம் இருக்கிற எங்கள் வீடு. என் அப்பா எனக்கு விட்டுப்போனது.

நான்கு நாள் ஷூட்டிங் என்று கேட்டார்கள். சாவியைக் கொடுத்தேன். ஒழுகும் ஓடுகளை மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். மாற்றினார்கள். அதில் குறை சொல்ல மாட்டேன்.

"சாமி ரூமை மட்டும் தொடாதீங்க" என்றேன். முட்டாள் நான்! அப்பா போட்டோ மாட்டியிருந்தது முன் ஹாலில்.

அது ஏன் அங்கே இருந்தது? அப்பா போன பிறகு அம்மாவைப் பெருமாநல்லூருக்கு என்னோடு கூட்டி வந்தேன். எனக்கு இங்கே பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. கிளம்பும்போது போட்டோவைக் கழற்றப் போனேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாஞ் சாமி. உங்கப்பா இந்த ஊட்ட உட்டுப்போட்டு எங்கயும் வரமாட்டாரு."

அமாவாசைதோறும் பஸ் மாறிப் போய்ப் பூப்போட்டு, விளக்கு வைத்துவிட்டு வருவார்.

டிவியில் அந்த மாமனாரின் படமாக, மாலையோடு அப்பா முகம் வந்ததும் அணைக்கப் போனேன்.

"இரு கண்ணு... உங்கப்பா வாராரு."

மூத்த மருமகளை மாமனார் கழுத்தை நெரித்துக் கொன்றதாக ஒரு ஃப்ளாஷ்பேக். அம்மா சிரித்துவிட்டார். "கோழி அறுக்கறதுன்னாலே தோட்டத்துக்கு ஓடிப்போற மனுசன். இவரா?"

பேய் கதவைத் தட்டியது. மகனும் மருமகளும் அலறி ஓடினார்கள். அம்மா சிரிப்பு நின்றது.

"ஏன் ஓடறாங்க? வந்த மனுசனுக்கு ஒரு வாய் காப்பி குடுக்கமாட்டாங்களா?"

ரிமோட்டைக் கீழே வைத்தேன்.

"எனக்கு அப்படி ஒருக்கா வந்து தட்டுனாப் போதும்."

பேய்ப் படம் எடுப்பவர்களே, செத்தவர் வந்துவிடுவாரோ என்று பயப்படுகிற வீடு எத்தனை? வரமாட்டாரா என்று கிடக்கிற வீடு எத்தனை? போய்க் கேட்டுப் பாருங்கள்.

புதன்கிழமை அமாவாசை. போனோம். எப்போதும் உள்ளே வந்து உட்கார்ந்து பேசும் பக்கத்துத் தோட்டத்துக்காரம்மா வாசலிலேயே நின்றார்.

"தப்பா நெனைக்காதீங்கக்கா... எங்க ஊட்டுப் பசங்க மாமன் போட்டோவக் கண்டாலே அலறுதுங்க. கழட்டி வெச்சரலாமுங்களே?"

அந்தம்மா போனதும், அம்மா முதல்முறையாகக் கதவைச் சாத்திவிட்டு விளக்கு வைத்தார். புருஷனுக்குப் பூப்போட ஒளிய வேண்டியிருக்கிறது!

'யாவும் கற்பனை' என்று படத்தில் ஒரு வரி ஓடியதாம். பேய் கற்பனை, சரி. முகம்?

போனில் 'ஸாரி மேடம்' எல்லாம் வேண்டாம். அதே சேனலில், அதே ஞாயிறு மதியம், அதே போட்டோவைக் காட்டி, இந்த மனிதர் யாரையும் கொல்லவில்லை என்று ஊரறியச் சொல்லுங்கள்.

முடியாதா? அப்படியானால் அவர் யாரைக் கொன்றார்... பெயரைச் சொல்லுங்கள்.