வடம் அறுந்தது யாருடைய பிழை

அபூதாஹிர் நீலக் கட்சிக்காரன். மூதூர்ப் பக்கத்தில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தான்; கடைக் கதவுக்கும் நீலச் சாயம். எழுபதாம் ஆண்டுத் தேர்தலில் கட்சி வென்றபோது கடன்பட்டு ஊருக்கே சோறு போட்டான். பிறகு அரிசி மறைந்து, பாணுக்கு விடியமுன் வரிசை நின்று, சனம் மரவள்ளிக்கிழங்கில் உயிர் பிடித்த காலத்திலும் மந்திரியைப் பற்றி அவன் வாயில் ஒரு குறை வரவில்லை. பேக்கரிக்காரன் பதுக்குகிறான் என்பான். அதுவும் எடுபடாவிட்டால் மழை பொய்த்துவிட்டது என்பான். மனுசன் அப்படி ஒரு விசுவாசி!

அந்த ஆட்சியில்தான் அவன் மனைவி ஸல்ஹா பிள்ளைப்பேற்று நோவோடு ஆற்றங்கரையில் கிடந்தாள். ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக் கடக்கும் மிதவையை அங்கே பாதை என்பார்கள். அதை இழுக்கும் வடம் அறுந்திருந்தது. வாடைக்காற்றில் தோணியும் இறங்கவில்லை. ஆஸ்பத்திரி அக்கரையில். ஸல்ஹா இக்கரையிலேயே மௌத்தானாள். வயிற்றுப் பிள்ளையும் போனது.

புது வடம் கேட்டு மாதக்கணக்காக அலைந்தவர் பாதைக்காரர் அருளம்பலம். காசில்லை என்று மேலிடம் கையை விரித்தது. ஊரறிந்த கதை இது, அபூதாஹிருக்கும் தெரியும். ஆனாலும் கட்சி ஆட்களைப் பிடித்து, "பாதைக்காரன்ட கவனயீனம்" என்று சொல்லி, அந்த மனிதரின் வேலையைப் பறித்த பிறகுதான் ஓய்ந்தான். யாரையாவது பிழை சொல்லாமல் அவனால் உறங்க முடியவில்லை, பாவம்.

எழுபத்தேழில் பச்சைக் கட்சி ஆட்சிக்கு வந்தது. இரண்டு வருடத்தில் வடம் மறுபடி அறுந்தது. இம்முறை மகள் றம்லா, வலிப்பு வந்த குழந்தையோடு கரையில் நின்றாள்.

"ஒரு வடம் வாங்கித் தர வக்கில்லாத கவுண்மேந்து! பாதைக்காரன் என்ன செய்வான்?" என்று அபூதாஹிர் கரை அதிரக் கத்தினான்.

அருளம்பலம் அப்போது தோணியில் வலை போட்டுக்கொண்டிருந்தார். வேலை போனபின் அதுதான் பிழைப்பு. வலையைச் சுருட்டி வைத்துவிட்டு, கரைக்கு வந்து அவர்களை ஏற்றிக்கொண்டார். நடு ஆற்றில்தான் வாய் திறந்தார்.

"அபூதாஹிர் நானா, பாதைக்காரன் என்ன செய்வான் எண்டு இப்ப சொன்னீங்கள். அண்டைக்கு ஏன் இதைச் சொல்லேல்லை?"

அபூதாஹிர் தண்ணீரைப் பார்த்தான். மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல நேரம் அவனுக்குக் கிடைக்கப்போவதில்லை.

"அண்டைக்கு இருந்தது நம்மட ஆக்களெல்லோ, அண்ணே," என்றான்.

குழந்தையை நெஞ்சோடு அணைத்திருந்த றம்லா நிமிர்ந்தாள்.

"உம்மாவும் நம்மட ஆள்தானே, வாப்பா?"