சாமி முன்னால் போட்ட நாற்காலி

முருகனை நம்பி வாழும் அன்பர்களே, என் மனைவி அஞ்சலையின் இடுப்பு இரண்டு முறை கெட்டது. முதல் முறை குளியலறை ஈரத்தால். இரண்டாம் முறை என்னால்.

எண்பதுகளின் தொடக்கம். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, செமோரில் குடியிருந்தோம். ஒரு காலை வழுக்கி விழுந்தவள் எழவில்லை. ஈப்போ மருத்துவமனையில், உடைந்த தொடை எலும்பின் தலையை எடுத்துவிட்டு உலோகக் குமிழ் பொருத்தினார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது, நாங்கள் மிஸ்ஸி என்று அழைக்கும் தாதி என்னிடம்தான் சொன்னார்: "ஐயா, அம்மாவ கீழ உக்கார விடாதீங்க. குந்தக் கூடாது, குனியக் கூடாது. நாற்காலிதான் லா."

படித்தவன் நான். தலையாட்டினேன்.

சில வாரங்கள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, அவள் நடைச்சட்டத்தைத் தள்ளிக்கொண்டு தானாகவே சாமி அறைக்கு வந்துவிட்டாள். எனக்குக் கண் கலங்கியது. கற்பூரம் ஏற்றினேன்.

"விழுந்து கும்புடு."

"ஏங்க, மிஸ்ஸி குனியக் கூடாதுன்னு சொன்னாங்களே."

"காலக் குடுத்த சாமி முன்னால மகாராணி மாதிரி நிப்பியா?"

அவள் சட்டத்தை விட்டு மண்டியிட்டுக் குனிந்தாள். உள்ளே ஏதோ கழன்ற சத்தம் எனக்கே கேட்டது. அவள் அலறினாள். கால் உள்பக்கம் திரும்பிக் குட்டையாகிவிட்டது. கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

மறுபடியும் ஈப்போ. மயக்கம் கொடுத்து இழுத்துப் பார்ப்போம், கழன்ற குமிழ் குழியில் சேராவிட்டால் மீண்டும் வெட்டவேண்டும், அதை அவளுடைய இதயம் தாங்குமா தெரியாது என்றார் மருத்துவர். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வேண்டிக்கொள்ளவே கூசியது. சாமி பெயரைச் சொல்லித்தானே செய்தேன்? கடைசியில் இவ்வளவுதான் வந்தது: "முருகா, விழச் சொன்னது நீ இல்ல, நான். என் திமிருக்கு அவ உயிர எடுத்துடாத."

கதவு திறந்தது. "சேந்துடுச்சு ஐயா. வெட்டல," என்றார் மிஸ்ஸி. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

ஆனால் முழுமையாகத் தேறினாள் என்று பொய் சொல்லமாட்டேன். தடி இல்லாமல் அவள் பிறகு நடக்கவே இல்லை. மழை நாட்களில் வலியில் முனகுவாள். வீடு திரும்பிய அன்றே சாமி படத்துக்கு முன்னால் நாற்காலி போட்டேன்.

"இப்ப மகாராணி உக்காரலாமா?" என்றாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

கோயிலுக்கும் அதைத் தூக்கிப்போனேன். "அண்ணே, சாமி முன்னாலயா நாற்காலி?" என்றார் ஒருவர். "ஆமா, நாந்தான் போட்டேன்," என்றேன்.

சென்ற ஆண்டு அவள் போய்விட்டாள். நாற்காலி அங்கேயே இருக்கிறது.

அன்பர்களே, முருகன் என்னைக் கைவிடவில்லை, உங்களையும் விடமாட்டான். உங்கள் வீட்டிலும் இடுப்பு முறிந்து தேறிவரும் ஒருவர் இருந்தால், முதலில் நாற்காலியைப் போடுங்கள். பிறகு கற்பூரம் ஏற்றுங்கள்.