ஓகே அமுக்கிய நாலு வருஷம்

மாரிக்கனிக்குக் கோபம் வந்தால் காது சிவந்துவிடும். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனியின் அலுவலகத்தில் சேர்ந்த இந்த நாலு வருஷத்தில் அந்தக் காது சிவக்காத காலை கிடையாது.

வத்திராயிருப்பில் ஆறரை மணி பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் மாறி, எட்டேமுக்காலுக்கெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள். ஆனால் அங்கே வந்த நேரம் கணக்கில்லை. அவரவர் கம்ப்யூட்டரில் தன் நம்பரைத் தட்டிய நேரம்தான் வருகை. அவளுக்கு வாய்த்த அந்தப் பாழாய்ப்போன கம்ப்யூட்டர் கண்விழிக்கவே அரைமணி நேரமாகும். காயலான் கடைக்குப் போட்ட பிரிண்டரைத் தேடி ஒரு பெட்டி திரையில் வந்து நிற்கும். அழித்துவிட்ட பழைய பில் புரோகிராமைக் காணோம் என்று இன்னொன்று. எவனோ ஒரு காலத்தில் அதில் ஜாதகம் பார்த்தான், அதற்கும் ஒன்று. இப்படி ஒன்பது பெட்டிக்கும் ஓகே அமுக்கி முடித்தால் மணி ஒன்பதே கால். ஒன்பதைத் தாண்டியதால் அவள் பெயருக்கு நேரே தாமதம் என்று விழும்.

தாமதம் உள்ளவர்களுக்கு நிரந்தர வேலை இல்லை. நிரந்தரமாக்குவதற்கு மேனேஜர் எழுதிய போன மூன்று பட்டியலிலும் அவள் பெயர் விட்டுப்போனது. நாலாவது பட்டியல் அடுத்த திங்கட்கிழமை முதலாளிக்குப் போகிறது.

மேனேஜர் ராஜரத்தினத்திடம் சொல்லாமலா இருந்தாள்? "நேரத்துக்கு வரத் தெரியல, மெஷின் மேல பழி போடுதியாம்மா?" என்றார். சர்வீஸ்காரன் வந்து தூசியை ஊதிவிட்டு, புதுசு வாங்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். என்ன அநியாயம்!

பொறுத்தது போதும் என்று பெட்டிகளின் பெயரையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். பஸ்ஸில் நின்றபடியே போனில் தேடினாள். கம்ப்யூட்டர் எழும்போது கூடவே எழும் புரோகிராம்களுக்கு உள்ளே ஒரு பட்டியல் உண்டென்று தெரிந்தது. வெள்ளிக்கிழமை மதியம் சோற்றுக்குக்கூட எழாமல் அதைத் திறந்து, வேண்டாத அத்தனையையும் நிறுத்தினாள். பத்து நிமிஷ வேலை. இதற்குத்தானா நாலு வருஷம் என்று அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

சனிக்கிழமை எட்டு நாற்பத்தேழுக்கே வருகை பதிந்தது. ராஜரத்தினம் அதைப் பார்த்துவிட்டு, எல்லோர் காதிலும் விழும்படி, "பாத்தியளா? நாலு வார்த்தை கண்டிச்சாத்தான் நேரத்துக்கு வாராக" என்று சிரித்தார்.

மாரிக்கனியின் காது குப்பென்று சிவந்தது. நிறுத்தியதையெல்லாம் பழையபடி ஓடவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு எழுந்தாள்.

"சார், இங்கன வந்து உக்காருங்க. இப்ப எட்டு அம்பத்தஞ்சு. ஒம்பதுக்குள்ள உங்க நம்பரைப் பதிஞ்சு காட்டுங்க. பொறவு என்னையப் பேசுங்க."

சவாலாக எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் இரண்டு பெட்டிக்குச் சிரித்துக்கொண்டே ஓகே அமுக்கினார். நாலாவதில் சிரிப்பு நின்றது. ஜாதகப் பெட்டி வந்தபோது கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அலுவலகமே அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. கடைசியில் அவர் நம்பரைத் தட்டியதும் திரையில் வந்தது: ராஜரத்தினம், 9.24, தாமதம்.

"எட்டு அம்பத்தஞ்சுக்கே வந்து உக்காந்துட்டேனேம்மா" என்றார், தன்னையறியாமல்.

"நாலு வருஷமா நானும் அதைத்தான் சார் சொல்லுதேன்."

திங்கட்கிழமைப் பட்டியலில் மாரிக்கனியின் பெயரை அவரே தன் கையால் எழுதினார்.